கொழும்புப் பெரிய ஹோட்டலில் 'போஸ் இல்லாத' கல்யாணப் படம்: ஏமாற்றா, இல்லையா?

'வாவிக்கரை' என்ற பெயரில் ஒருவர் கேட்டது, 9 பெப்ரவரி 2025, இரவு 8.15

மட்டக்களப்பிலிருந்து வான் பிடித்துக் கொழும்புக்குப் போய்ப் பெரிய ஹோட்டலில் கல்யாணம் வைக்கிறார்கள். சரி, அவரவர் காசு. ஆனால் அதற்கு 'டொக்குமென்டரி' முறையில் படம் எடுக்கிறோம் என்று சில பேர் கூடக் காசு கேட்கிறார்கள். போஸ் இல்லையாம், எல்லாம் இயல்பாம். அந்த இடத்தில் படிக்கட்டே போஸ் கொடுத்துக்கொண்டு நிற்கிறது. பூச்சாடி போஸ், வெயிட்டர் போஸ். இதில் இயல்பு எங்கே? ஏமாற்று வேலை என்கிறேன். எடுக்கிறவர்கள் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள்.

9 பெப்ரவரி, இரவு 11.05

எடுக்கிறவன் நான். கல்லடியில் சின்ன ஸ்டூடியோ, பதினேழு வருஷத் தொழில். கூடக் காசு கேட்கிறதும் உண்மை.

காசுக் கதையை முதலில் முடிப்போம். பெண்ணையும் மாப்பிள்ளையையும் நிறுத்தி வைத்து எடுத்தால் இரண்டு மணித்தியாலத்தில் ஐம்பது நல்ல படம் கையில் இருக்கும். யாரையும் நிறுத்தாதவன் விடியப்புறம் நாலு மணியிலிருந்து இரவு கடைசி மாமா காலணி தேடும் வரைக்கும் நிற்க வேண்டும். போன மாதக் கடைசியில் கொழும்பு கோல்பேஸ் ஹோட்டலில் எடுத்த கல்யாணத்தில் 3,800 படம். கொடுத்தது 420. மிச்சத்தைக் கழிக்க ஒன்பது இரவு போனது. அதற்குத்தான் காசு.

இனிக் கட்டிடம். 1864-இல் தொடங்கிய ஹோட்டல் அது. சூயஸ் கால்வாய் திறக்க இன்னும் ஐந்து வருஷம் இருந்த காலம். முன்னால் இருக்கிற காலிமுகத்திடல் அதற்கும் மூத்தது, ஆளுநர் வார்ட் காலத்தில் 1859-இல் ஒழுங்குபடுத்தியது. அப்படிப்பட்ட இடம் போஸ் கொடுக்கத்தான் செய்யும், அதற்கு வயது இருக்கிறது. ஆனால் அதற்குள் நுழைந்த நம்ம ஆட்கள் போஸ் கொடுக்கவில்லையே.

ஒரு படம் சொல்கிறேன். காலையில் பெண் படிக்கட்டால் இறங்கி வருகிறாள். கீழே பெண்ணின் அம்மம்மா, எண்பதைத் தாண்டியவர், வெள்ளைச் சேலை. யாரும் சொல்லவில்லை. தன்பாட்டில் கையை வாயருகே கொண்டுபோய்க் குரவை போட்டார். மூன்று வெயிட்டர்மார் ஒரே நேரத்தில் திரும்பினார்கள், ஒருவரின் கையிலிருந்த தட்டு சரிந்தது. குரவை, தட்டு, பழைய படிக்கட்டு, எல்லாம் ஒரே படத்தில். இதை எந்த போஸால் செய்வீர்கள்? ஏமாற்று என்று எழுத முதல் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

10 பெப்ரவரி, காலை 6.30

இரவு கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன். ஆனால் கருத்தில் மாற்றமில்லை.

10 பெப்ரவரி, மாலை 5.20

சம்மாந்துறையிலிருந்து ஒருவர் நிக்காஹ்வுக்கும் இது சரிவருமா என்று கேட்டிருக்கிறார். வரும், ஆனால் நான் தனியாக வந்து பயனில்லை. பெண்கள் பக்கத்துக்கு என் அக்காவின் மகள் போவாள். உங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் நல்ல படங்கள் எல்லாம் அவளுடையவைதான். நான் ஆண்கள் பக்கத்தில் சஹன் சுற்றி இருந்து சாப்பிடுகிறவர்களை எடுத்துக்கொண்டிருப்பேன். அதுவும் மோசமில்லை, ஆறு பேர் ஒரு தட்டைச் சுற்றி இருக்கும்போது யாருக்கும் கமரா ஞாபகம் வராது.

கொழும்புக்கும் அந்த மருமகள்தான் இரண்டாவது கமரா.

11 பெப்ரவரி, இரவு 9.45

வெளிச்சம் பற்றிக் கேட்ட தம்பிக்கு.

நாங்கள் கிழக்குக் கரை ஆட்கள். கல்லடியில் சூரியன் கடலில் எழும்பி வாவிப் பக்கம் இறங்கும். கடற்கரைப் படம் என்றால் விடியலில்தான் எடுப்போம். கொழும்பில் எல்லாம் தலைகீழ். ஹோட்டல் புல்வெளிக்கும், சதுரங்கப் பலகை மாதிரிக் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட முற்றத்துக்கும் நேரே முன்னால் மாலையில் சூரியன் விழுகிறது. ஜனவரிக் கடைசியில் ஆறேகால் தாண்டினதும் முடிந்துவிடும். நம்ம நாட்டில் அந்திக்கு அதிக நேரம் கிடையாது, இருபது நிமிஷத்தில் இருட்டு.

எல்லாரும் செய்கிறது என்னவென்றால், மணமக்களைக் கடலுக்கு முதுகு காட்டி நிறுத்தி, பின்னால் சூரியனை வைத்து, முகத்துக்கு பிளாஷ் அடிக்கிறது. அழகாகத்தான் இருக்கும், நாட்காட்டி மாதிரி. நான் சுவர் ஓரமாகப் போய் நானே கடலுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டேன். அந்த நேரம் அங்கே கொடி இறக்குவார்கள், பைப் வாத்தியம் ஊதுவார்கள். சத்தம் கேட்டதும் எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் தாங்களாகவே மேற்கே திரும்பினார்கள். முகமெல்லாம் பொன். களுவாஞ்சிகுடிச் சித்தப்பா ஒருவர் வாய்க்குள் வடையோடு மரியாதைக்கு நிமிர்ந்து நின்றார். எந்தக் கொடி, எதற்கு என்று அவருக்குத் தெரியாது. எழும்பி நிற்க வேண்டிய விஷயம் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

சூரியன் இல்லாத படம் அது. ஆனால் எல்லா முகத்திலும் சூரியன் இருக்கிறது.

இன்னொன்று. குளிரூட்டிய மண்டபத்திலிருந்து கமராவைத் தூக்கிக்கொண்டு நேரே கடற்காற்றுக்குள் போகாதீர்கள். லென்ஸ் பால் ஊற்றின மாதிரி மூடிவிடும், கால் மணித்தியாலம் ஒன்றும் செய்ய முடியாது. துடைக்கத் துடைக்கத் திரும்ப மூடும். பையை நன்றாக மூடி முன்கூட்டியே வெளியில் வைத்துச் சூடேற விட வேண்டும். இதைப் பாசிக்குடாவில் ஒரு கல்யாணத்தைக் கெடுத்துப் படித்தேன்.

13 பெப்ரவரி, இரவு 10.10

வாவிக்கரை எழுதியிருக்கிறார்: "தாலி கட்டினது எங்கே? அதைக் காட்டாமல் குரவையும் வடையும் காட்டுகிறீர்கள்." ஆள் கெட்டிக்காரன்.

சரி, சொல்கிறேன். தாலி கட்டின படங்கள் என் கமராவில் 31. முப்பத்தொன்றிலும் கோடு. கறுப்பும் மஞ்சளுமாகக் குறுக்கே பட்டை பட்டையாக, அணில் முதுகு மாதிரி.

காரணம் என் பெருமை. சத்தமில்லாமல் எடுக்க வேண்டும், ஐயர் மந்திரம் சொல்லும்போது 'சடக் சடக்' என்று கேட்கக்கூடாது என்று மின் ஷட்டரில் போட்டிருந்தேன். கை அசைவு உறைய வேண்டும் என்று வேகம் 1/200. மணவறை போட்டவர்கள் கொண்டுவந்த எல்.ஈ.டி. பட்டிகள் சுற்றிவர. இலங்கையில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் மலிவான விளக்கு செக்கனுக்கு 100 தடவை கூடிக் குறையும். நம் கண்ணுக்குத் தெரியாது. மின் ஷட்டர் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாக வாசிக்கிறதால், சில வரி விளக்கு கூடின நேரத்தில் விழும், சில வரி குறைந்த நேரத்தில் விழும். அதுதான் பட்டை. 1/100 அல்லது 1/50 வைத்திருந்தால் ஒவ்வொரு வரிக்கும் முழுச் சுற்று கிடைத்திருக்கும்.

இதை எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். காலையில் மருமகள் சொன்னாள், "மாமா, எல்.ஈ.டி. நிறையக் கிடக்கு, நூறுல வையுங்க." "எனக்கு நீ படிப்பிக்காதே" என்றேன்.

அல்பத்தில் இருக்கிற தாலிப் படம் அவளுடையது. சாதாரண ஷட்டர், 1/100, மாப்பிள்ளையின் விரல் கொஞ்சம் அசைந்து மங்கியிருக்கிறது. நல்ல படம். என் 31-ஐயும் விட நல்ல படம் என்று எழுதக் கை வரவில்லை, ஆனால் எழுதிவிட்டேன்.

14 பெப்ரவரி, காலை 7.00

திருத்தம். 1/100 வைத்தால் எப்போதும் சரி என்பது போல எழுதிவிட்டேன், ஒருவர் பிடித்துவிட்டார். வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் டிம்மர் போட்ட எல்.ஈ.டி. வேறு வேகத்தில் துடிக்கலாம், அப்போது 100-உம் உதவாது. நல்ல விளக்குகள் துடிக்கவே துடிக்காது. ஆகவே போனதும் ஒரு வெள்ளைச் சுவரை எடுத்துப் பாருங்கள். பட்டை விழுந்தால் வேகத்தை மாற்றுங்கள், அல்லது சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு சாதாரண ஷட்டருக்குப் போங்கள். ஐயர் ஒன்றும் சொல்ல மாட்டார், அவருடைய சத்தத்தில் கமரா எங்கே கேட்கப்போகிறது.

14 பெப்ரவரி, மதியம்

ஹோட்டலுக்குள் ஓமப் புகைக்கு விடுவார்களா என்று ஒருவர் கேட்கிறார். ஹோட்டல் எதுவானாலும் முன்கூட்டியே கேளுங்கள். பல இடங்களில் மண்டபத்துக்குள் நெருப்பு மூட்டுவதென்றால் புகை உணரியை நிறுத்த வேண்டும், அதற்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டும். சொல்லாத ஒரு இடத்தில், பெயர் வேண்டாம், பொரி போடும் நேரம் அலாரம் அடித்தது. மேளகாரர் அதைக் கெட்டிமேளச் சைகை என்று நினைத்து வெளுத்து வாங்கினார்.

16 பெப்ரவரி, இரவு 11.30

கொழும்புக்குப் போன வானைப் பற்றி எழுதாமல் இந்தக் கதை முழுமையாகாது.

நம்ம பக்கக் கல்யாணத்தில் பெண், மாப்பிள்ளை, அதோடு வீடு. மூன்றாவது ஆள் வீடு. மகளுக்குக் கொடுக்கிற வீட்டில் கல்யாணம் நடக்கும், மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். பாதிச் சுவர் பூசாமல் இருக்கும், யன்னலுக்குச் சேலை கட்டியிருக்கும், தாய் தகப்பன் பின்னால் குசினிப் பக்கத்து அறைக்கு மாறியிருப்பார்கள். பதினைந்து வருஷமாக நான் எடுத்த கல்யாணப் படங்களை அடுக்கினால், மட்டக்களப்பில் வீடு கட்டின வரலாறு கிடைக்கும்.

ஹோட்டலுக்குப் போனால் அந்த மூன்றாவது ஆள் காணாமல் போகிறார். அதனால்தான் இந்தக் கல்யாணத்தில் முதல் நாளே பெண் வீட்டுக்குப் போனேன். அதற்கு ஒரு கிழமை முன்னால் மாப்பிள்ளை வீட்டில் தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்குச் சடங்குக்கும் போயிருந்தேன். ஆசாரி ஊதுகிறார், பொன் உருகுகிறது, மாமிமார் குனிந்து பார்க்கிறார்கள். பிறகு இரவு பதினொரு மணி வானிலும் ஏறினேன். இங்கே மாரி மழை கொட்டிக்கொண்டிருந்தது. மன்னம்பிட்டி தாண்டும்வரை கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. ரெஜிபோம் பெட்டிக்குள் மாலைகள், பெண்ணின் தாயின் மடியில் கூறைச்சேலை. முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் அதை மடியை விட்டு இறக்கவில்லை, தூக்கத்திலும். யாரோ போன் பார்க்கிற வெளிச்சத்தில் அதை எடுத்தேன். தம்புள்ளைப் பக்கம் வானை நிறுத்தி இடியப்பப் பொதி பிரித்தார்கள். அந்த வானுக்குள் இருந்த மனிதர்களைத்தான் காலையில் அந்தப் பெரிய தூண்களுக்கு நடுவில் பார்த்தேன்.

ஒன்று யோசித்தேன். அந்த ஹோட்டல் கப்பலில் வந்து இறங்கி நாலு நாள் தங்கிப் போகிறவர்களுக்காக வளர்ந்த இடம். நம்ம வீடு மகள் போகாமல் இருக்கக் கட்டுகிறது. ஒரே கல்யாணம் இந்த இரண்டிலும் நடந்தது. அதுதான் எனக்கு எடுக்க வேண்டிய விஷயமாகத் தெரிந்தது.

19 பெப்ரவரி, இரவு 8.40

பெண்ணின் தாய் அல்பத் தெரிவுக்கு வந்தார். வான் படம் ஆறையும் எடுத்து ஓரமாக வைத்தார்.

"இது வேணாம் தம்பி."

"அக்கா, இதுதான் நல்ல படம்."

"மூணு வருஷம் காசு சேர்த்து அந்த ஹோட்டலுக்குப் போன. அல்பத்துல நான் வாய் திறந்து வான்ல தூங்குறதையா பாக்குற?"

பதிலுக்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. படிக்கட்டில் வரிசையாக நிற்கிற படம் எத்தனை இருக்கிறது என்று கேட்டார். இரண்டு. அதுவும் நான் விருப்பமில்லாமல் எடுத்தவை. இரண்டிலும் யாரோ ஒருவர் கண்ணை மூடியிருக்கிறார்.

வாவிக்கரைக்கு ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கிறேன். படிக்கட்டில் நின்று படம் எடுக்க வேண்டும் என்று மூன்று வருஷம் நினைத்து, கல்லடி வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால் சேலையோடு நின்று பார்த்துவிட்டு வந்தவருக்கு, அங்கே போய் நிற்பதுதான் இயல்பு. நிற்காதே, கவனிக்காதது போல் இரு என்று நான் சொன்னதுதான் நாடகம்.

20 பெப்ரவரி, காலை 5.50

அதே யோசனையில் இன்னொன்று. மாப்பிள்ளையின் பெரியப்பா எழுபதுகளில் கொழும்பில் வேலை செய்தவர். அந்த ஹோட்டல் வாசலில் நின்ற குட்டன் என்கிற வெள்ளை மீசைக் காவலாளியோடு எடுத்த பழைய படம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். கேரளத்திலிருந்து வந்தவர் குட்டன், 1942-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்து 2014-இல் இறக்கும்வரை இருந்தவர். உலகம் முழுக்க அவருடைய படம் இருக்கும். பெரியப்பா அதே வாசலில், பக்கத்தில் ஒரு ஆள் அளவு இடம் விட்டு, தனியாக நின்று "எடு" என்றார். எடுத்தேன். சுத்தமான போஸ். 420-க்குள் அதையும் வைத்தேன், ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

அங்கே ஒரு பழைய கார் காட்சிக்கு இருக்கிறது. எலிசபெத் மகாராணியின் கணவர் பிலிப் கடற்படையில் இலங்கையில் இருந்தபோது 1940-இல் வாங்கினது. மாப்பிள்ளையின் தம்பிமார் கல்யாணத்தை விட அதைத்தான் அதிகம் எடுத்தார்கள்.

23 பெப்ரவரி, இரவு 12.20

இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அல்பத்தை நேர ஒழுங்கில் அடுக்கும்போது ஒரு குழப்பம். பெண் படிக்கட்டில் வரவே இல்லை, அதற்கு முதலே அம்மம்மா குரவை போடுகிறார். பார்த்தால் என் கமரா மணிக்கூட்டுக்கும் மருமகளின் கமரா மணிக்கூட்டுக்கும் ஏழு நிமிஷ வித்தியாசம். தொடங்க முதல் இரண்டு கமராவிலும் நேரத்தைச் சரிபார்க்க வேண்டும், பார்க்கவில்லை. எது சரியென்று அறிய அவள் போனில் எடுத்த வீடியோவைப் போட்டுப் பார்த்தோம், போன் நேரம் பிழைக்காதே.

வீடியோவில் பெண் படிக்கட்டில் இறங்குகிறாள். அம்மம்மா சும்மா நிற்கிறார், கையைக் கோத்துக்கொண்டு. ஓர் ஆண் குரல் கேட்கிறது: "என்ன அம்மம்மா, குரவை இல்லையா?"

என் குரல்.

எனக்கு அது ஞாபகமே இல்லை. பொய் சொல்லவில்லை, சத்தியமாக ஞாபகமில்லை. 'யாரும் சொல்லவில்லை' என்று 9ஆம் திகதி இங்கே எழுதினேனே, அதை முழுக்க நம்பித்தான் எழுதினேன். மருமகள் அந்த இடத்தை மூன்று தடவை திருப்பித் திருப்பிப் போட்டாள். கடைசியில் "மாமா, போஸ்ட மாத்தி எழுதுங்க" என்றாள். மாற்றவில்லை. மேலே அப்படியே கிடக்கட்டும், கீழே இதுவும் கிடக்கட்டும்.

24 பெப்ரவரி, இரவு 9.15

"அப்ப ஏமாற்றுத்தானே?" என்று ஒரே வரி போட்டிருக்கிறார் வாவிக்கரை.

ஓம். அந்தப் படம்.

2 மார்ச், மாலை 6.00

அம்மம்மாவிடம் போனேன். கல்லடிப் பாலம் தாண்டி ஐந்து நிமிஷம், இவ்வளவு நாள் போகாமல் இருந்ததே பிழை. படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தார். வெயிட்டரின் தட்டைக் காட்டிச் சிரித்தார்.

நான் கேட்டபடியால்தானா போட்டீர்கள் என்று கேட்டேன்.

"மறுகா? நீ கேட்டதாலதான் மகன். அவ்வளவு பெரிய இடத்துல சத்தம் போட்டா ஏசுவானுகளோ எண்டு வாயைப் பொத்திக்கிட்டு நிண்டன். புள்ளை இறங்கி வருது, தொண்டைக்குள்ள வந்து நிக்குது, விட ஏலாம நிண்டன்."

பெண் சொன்னது வேறு: "நீங்க கேக்காட்டியும் போட்டிருப்பா அண்ணன், கொஞ்சம் பிந்தி." இரண்டில் எது என்று எனக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் வாயைக் கட்டிக்கொண்டு நின்ற அந்த அரை நிமிஷத்தை நான் எடுக்கவில்லை. கையைக் கோத்துக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு, மகளின் மகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிற அம்மம்மா. அது மருமகளின் போன் வீடியோவில் மட்டும், ஓர் ஓரத்தில், மங்கலாக இருக்கிறது.

வெளிக்கிடும்போது அம்மம்மா ஒரு தனிப்படம் எடுக்கச் சொன்னார். சேலை மாற்றிக்கொண்டு வந்து, யன்னல் பக்கம் கதிரை போட்டு, கையை மடியில் வைத்து, நேரே பார்த்தார். எதற்கு என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 1/100-இல் எடுத்தேன், பழக்கம் வரட்டும் என்று.

27 ஏப்ரல், இரவு 10.00

கேட்டவர்களுக்கு: அல்பம் வந்துவிட்டது. வீடியோவிலிருந்து எடுத்த மங்கல் படமும் குரவைப் படமும் எதிரெதிர்ப் பக்கம். படிக்கட்டு வரிசைப் படம் இரண்டும் உண்டு, மூடின கண்ணை மருமகள் திறந்துவிட்டாள், எப்படி என்று கேட்காதீர்கள். வான் படம் ஒன்று மட்டும் உள்ளே போனது. தாய் தூங்குகிற படம் அல்ல, மடியும் கூறையும் மட்டும், முகம் இல்லை. அவரே தெரிவு செய்தார்.

வாவிக்கரை தன் தங்கச்சியின் கல்யாணத்துக்கு ஆவணி மாதம் திகதி கேட்டிருக்கிறார். வீட்டிலாம், ஆரையம்பதியில். வருகிறேன், முழுக் காசும் வாங்குவேன்.

மருமகள் என் கமராப் பையில் வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டி மூன்று வரி எழுதியிருக்கிறாள்: மணிக்கூடு. நூறு. வாய்.